கடலின் ஆழத்துக்கு ஒரு குழாய்

1926ஆம் ஆண்டின் இறுதியில் பாரிஸ் அறிவியல் கழகத்தின் முன் ஜார்ஜ் க்ளோத் இரண்டு கண்ணாடிக் குடுவைகளை வைத்தார். ஒன்றில் 28 டிகிரி வெப்பமுள்ள நீர்; மற்றதில் பனிக்கட்டி; நடுவே ஒரு சிறு சுழலி. குடுவைகளிலிருந்த காற்றை வெளியேற்றியதும் வெதுவெதுப்பான நீர் நெருப்பின்றியே கொதித்தது. எழுந்த ஆவி பனிக்கட்டியை நோக்கி விரைந்தது, வழியிலிருந்த சுழலி சுற்றியது, சில சிறு விளக்குகள் எரிந்தன. பொறியாளர் பால் பூஷரோவுடன் சேர்ந்து அவர் நடத்திக் காட்டிய இச்சோதனையில் எரிபொருள் என்று எதுவும் இல்லை. வெப்பநிலை வேறுபாடு ஒன்றே மூலதனம். அவ்வேறுபாடோ வெப்ப மண்டலக் கடல்களில் பகலும் இரவும் குறையாமல் இருக்கிறது. மேற்பரப்பில் 25 டிகிரிக்கு மேல், ஆயிரம் மீட்டர் ஆழத்தில் 5 டிகிரி அளவில்.

இந்த எண்ணம் க்ளோத்துக்கு முன்பே தோன்றிவிட்டது. 1870இல் ஜூல் வெர்ன் தம் கடலடி நாவலில், வெவ்வேறு ஆழங்களில் உள்ள வெப்ப வேறுபாட்டைக் கொண்டு மின்சாரம் பெற முடியும் என்று கப்பல் தலைவன் நெமோவைப் பேச வைத்திருந்தார். 1881இல் மருத்துவமும் இயற்பியலும் பயின்ற தார்சோன்வால் அதை அறிவியல் முன்மொழிவாக ஆக்கினார். க்ளோத் அவருடைய நண்பர். காற்றைத் திரவமாக்கும் தொழிலால் செல்வம் சேர்த்தவர், நியான் விளக்கை உலகுக்குத் தந்தவர். அச்செல்வத்தின் பெரும்பகுதியை அவர் கடலில் போட்டார். இது சொல்லணி அன்று, நேர்ப்பொருளிலேயே நடந்தது.

பெல்ஜியத்தின் ஊக்ரே நகரில், இரும்பாலையின் வெதுவெதுப்பான கழிவுநீரையும் மியூஸ் ஆற்றின் குளிர்ந்த நீரையும் கொண்டு 1928இல் நடந்த சோதனை வெற்றி பெற்றது. அங்கே ஆழம் ஒரு சிக்கலாக இல்லை. அடுத்து அவர் கியூபாவின் மத்தான்சாஸ் விரிகுடாவுக்குச் சென்றார். ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளமும் 1.6 மீட்டர் விட்டமும் கொண்ட குழாயைக் கடலுக்குள் இறக்க வேண்டும். முதற்குழாய் தொலைந்தது. இரண்டாவதும் தொலைந்தது. 1930இல் மூன்றாவது குழாய் நின்றது. நிலையம் 22 கிலோவாட் மின்சாரம் தந்தது. ஆனால் நீரை இறைத்த பம்புகள் அதைவிட அதிகம் விழுங்கின. விரைவில் அந்தக் குழாயையும் கடல் கொண்டுபோயிற்று. பின்னர் பிரேசில் கரைக்கு அப்பால், ‘துனிசி’ என்ற கப்பலில் பனிக்கட்டி தயாரிக்கும் திட்டத்துடன் அவர் மீண்டும் முயன்றார். அங்கும் அலைகளால் குழாய் போயிற்று. இரண்டாம் உலகப் போரின்போது நாஜி ஆதரவு நிலை எடுத்ததற்காக 1945இல் அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. சில ஆண்டுகளில் விடுதலையானபோது அவருடைய பெயரும் அவருடைய கனவும் ஒருசேர மங்கியிருந்தன.

இத்தோல்வியை நுணுகிப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். க்ளோத்தின் வெப்பவியல் பிழைபட்டதில்லை. சாடி கார்னோ 1824இல் வகுத்த கணக்கின்படி, 25 டிகிரிக்கும் 5 டிகிரிக்கும் இடையே இயங்கும் எந்திரம் பெற்ற வெப்பத்தில் ஏழு விழுக்காட்டுக்கும் குறைவாகவே ஆற்றலாக மாற்றும். நடைமுறையில் அதிலும் பாதிதான் கிடைக்கும். ஆகவே மலையளவு நீரை ஏற்றினால்தான் கையளவு மின்சாரம். இதை அவர் அறிந்திருந்தார். அவர் கையில் இல்லாதவை வேறு துறைகளுடைய அறிவு: அலையும் நீரோட்டமும் நீண்ட குழாயை எப்படி வளைத்து முறிக்கும் என்ற கடல்சார் பொறியியல், உப்புக்கும் அழுத்தத்திற்கும் தாக்குப்பிடிக்கும் பொருளியல், வெப்பமாற்றிகளில் படியும் நுண்ணுயிர்களின் உயிரியல்.

1973இன் எண்ணெய் நெருக்கடி இத்துறையினரை ஒரே மேசைக்குக் கொண்டுவந்தது. அமோனியா போன்ற எளிதில் ஆவியாகும் பொருளைச் சுற்றவிடும் மூடிய சுழற்சி முறையை அமெரிக்காவில் ஆண்டர்சன் தந்தையும் மகனும் அறுபதுகளிலேயே முன்வைத்திருந்தனர். அம்முறையில் 1979இல் ஹவாய்க் கடலில் மிதவை ஒன்று ஏறத்தாழ 50 கிலோவாட் உண்டாக்கித் தன் செலவு போகப் பதினைந்து கிலோவாட் அளவுக்கு மிச்சம் காட்டியது. க்ளோத் காண விரும்பியது இந்த மிச்சத்தைத்தான். அரை நூற்றாண்டு கழித்து அது கிடைத்தது.

கதையின் அடுத்த அத்தியாயம் நம் கரையில் நிகழ்ந்தது. 1993இல் சென்னையில் தொடங்கப்பட்ட தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம், ஜப்பானின் சாகா பல்கலைக்கழகத்தின் துணையுடன் ‘சாகர் சக்தி’ என்ற மிதவையைக் கட்டியது. திறன் ஒரு மெகாவாட். இடம் தூத்துக்குடிக்கு அப்பாலுள்ள ஆழ்கடல். குளிர்நீருக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமும் ஒரு மீட்டர் விட்டமும் கொண்ட குழாய். அக்குழாயை இறக்க 2000க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் நடந்த முயற்சிகள் பலிக்கவில்லை. மத்தான்சாஸ் மன்னார் வளைகுடாவில் மீண்டும் நிகழ்ந்தது போலிருந்தது.

ஆயினும் கதை அங்கே முடியவில்லை. க்ளோத்தின் குடுவைகளை மீண்டும் நினைவுகொள்வோம். சுழலியை எடுத்துவிட்டு, எழும் ஆவியைக் குளிர்ந்த கடல்நீருடன் கலக்கவிடாமல் குளிர்வித்தால் கிடைப்பது உப்பற்ற நன்னீர். தூத்துக்குடியில் குழாய்களோடு போராடிய அதே நிறுவனம் 2005இல் லட்சத்தீவின் கவரத்தியில் இதைச் செய்தது. அங்கே கரையை அடுத்தே கடல் ஆழமாகிவிடுவதால் சுமார் 350 மீட்டர் ஆழத்து நீரே போதுமானது, குழாயும் குட்டையானது. நிலத்தடியில் உவர்நீரின் மேல் மெல்லிய ஏடாக மிதக்கும் நன்னீரை நம்பியிருந்த தீவுக்கு நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் குடிநீர் கிடைத்தது. 2011இல் மினிக்காயும் அகத்தியும் அதைப் பெற்றன. மின்சாரம் தேடிப் புறப்பட்டவர்கள் தண்ணீரோடு திரும்பினார்கள்.

இங்கே ஒரு முரணும் உண்டு. அந்நிலையங்களின் பம்புகள் இயங்கியது பெரும்பாலும் கப்பலில் வரும் டீசலை எரித்துப் பெற்ற மின்சாரத்தால். அம்மின்சாரத்தையும் கடலிடமிருந்தே பெற வேண்டும் என்ற எண்ணத்தில்தான் கவரத்திக்கு 65 கிலோவாட் வெப்பாற்றல் நிலையம் திட்டமிடப்பட்டது. ஜப்பானின் குமேஜிமாத் தீவில் 2013இலும் ஹவாயில் 2015இலும் நூறு கிலோவாட் அளவிலான நிலையங்கள் இயங்கத் தொடங்கின. தார்சோன்வாலின் முன்மொழிவுக்குப் பின் நூற்று முப்பது ஆண்டுகள் கழிந்தும் அளவு இவ்வளவுதான் என்பதை மறைப்பதற்கில்லை.

இதைத் தோல்வியின் வரலாறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒருவர் தம் துறையின் எல்லையில் நின்று இழந்த குழாயை, வேறொரு துறையினர் வேறொரு கடலில், வேறொரு தேவைக்காக இறக்கிக்கொண்டனர். கவரத்தியில் ஒரு குடம் தண்ணீர் நிறையும்போது, மத்தான்சாஸில் மூழ்கிய குழாய்களுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.