சக்ர் கணனியும் தொலைந்த கையேடும்

நீண்ட நாட்களின் பின் எழுதுகிறேன். குசினியில் பன்னிரண்டு மணித்தியாலம் நின்றுவிட்டு வந்தால் எழுத மனம் வருவதில்லை. ஆனாலும் இதை எழுதாமல் விட முடியவில்லை.

புஜைராவில் எங்கள் சாப்பாட்டுக் கடைக்குத் தினமும் தேநீர் குடிக்க வரும் ஓய்வுபெற்ற அரபு ஆசிரியர் ஒருவர், ஒருநாள் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். உள்ளே அரபு எழுத்துப் பொறித்த விசைப்பலகையோடு ஒரு பழைய கணனி. சக்ர் ஏஎக்ஸ்-170. காலமான அவரது தம்பி படித்ததாம். கையேடு இல்லை. "திருத்தலாமா, முஹந்திஸ்?" என்று கேட்டார். இரண்டாம் வருடத்தோடு பல்கலைக்கழகத்தை விட்டு ஓடிவந்த என்னை எஞ்சினியர் என்று கூப்பிட்ட முதல் மனிதர் அவர்தான்!

சக்ர் என்றால் கற்பாறை. குவைத்தில் முகமது அல் ஷாரிக் நிறுவிய அல் ஆலமியா நிறுவனம் 80களில் அரபுலகத்துக்காக இறக்கிய கணனிகள் இவை. 170ஐச் செய்து கொடுத்தது யப்பானின் சான்யோ. அடிப்படை, 1983 இல் அஸ்கியும் மைக்ரோசொப்டும் அறிவித்த எம்எஸ்எக்ஸ் என்ற பொதுத்தரம். 1990 ஓகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் புகுந்தபின் நிறுவனம் கெய்ரோவுக்கு இடம்பெயர்ந்தது. (கணனிக்கும் அகதி வாழ்க்கை!)

170க்கென்று கையேடு தேடிக் களைத்தபின்தான் ஒன்று உறைத்தது. பொதுத்தரம் என்றால் உள்ளே இருப்பதும் பொதுதானே? இசட்80 செயலி, திரைக்கு ஒரு சில்லு, ஒலிக்கு ஒன்று, விசைப்பலகையைப் படிக்க 8255. அப்படியானால் யார் எழுதிய எம்எஸ்எக்ஸ் நூலும் பெரும்பாலும் உதவும். இங்கிலாந்தில் 1985 இல் வந்த 'எம்எஸ்எக்ஸ் ரெட் புக்' கிடைத்தது. பிரேசிலிலும் ஒல்லாந்திலும் இந்தக் கணனிகளை இன்னும் வைத்திருப்பவர்கள் ஸ்கான் செய்து வைத்த வரைபடங்களும் கிடைத்தன.

உடனே மின்சாரம் கொடுக்கவில்லை. பக்கத்துத் தெருவில் ரிவி திருத்தும் பாகிஸ்தான்காரரிடம் கொண்டுபோனேன். வற்றிப்போன கொள்ளளவிகளை மாற்றி, 5 வோல்ற் சரியாக வருகிறதா என்று அளந்தபின்தான் போட்டோம். திரை முழுக்கக் குப்பை எழுத்து. ஆனால் விசையை அழுத்தினால் 'டிக்' என்ற சத்தம் கேட்டது. அப்படியென்றால் செயலி உயிரோடு இருக்கிறது. திரைச் சில்லுக்குத் தனியாக 16 கிலோபைற் நினைவகம் உண்டு என்று ரெட் புக்கில் படித்திருந்தேன். பழுது அங்கேதான் என்று சந்தேகித்து அந்தச் சில்லுகளை மாற்றினோம். எழுத்து தெளிவாக வந்தது. பெரியவர் ஒன்றும் பேசவில்லை, தம்பியின் பெயரைத் தட்டிப் பார்த்தார்.

அன்றிரவு நித்திரை வரவில்லை. 1981 இல் யாழ் நூலகத்தோடு எரிந்த ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் நினைவுக்கு வந்தன. ஒரே ஒரு பிரதி மட்டும் இருந்த ஏடுகளுக்கு எந்த ஒல்லாந்துக்காரனிடம் போவது? 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டத்தில் நம்மவர்கள் பக்கம் பக்கமாக மின்வருடி வைப்பதன் பெறுமதி எனக்கு அன்றுதான் முழுதாகப் புரிந்தது. 2024 இல் காலமான ஷாரிக்கும் தன் பிற்காலத்தில் பழைய அரபுச் சஞ்சிகைகளை மின்வருடித் திரட்டியவர்தான்.

ஆகவே உறவுகளே, வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய கையேடு, பாடக்கொப்பி, கோயில் மலர் எதையும் குப்பை என்று எறியாதீர்கள். எறியத்தான் வேண்டுமென்றால் முதலில் படமெடுத்து நாலு பேரிடம் கொடுத்துவிட்டு எறியுங்கள். 2006 இல் நான் விட்டுவிட்டு வந்த விரிவுரைக் குறிப்புகளை யாராவது அப்படிப் படமெடுத்திருந்தால்... சரி, விடுங்கள். நாளை காலை ஐந்து மணிக்குப் பரோட்டா மா பிசைய வேண்டும்.