துறை மாறியது, கூலி மாறியதா? பல்லேகலையை முன்வைத்து ஊழியப்படை மாற்றம் பற்றிய ஓர் ஆய்வு

ஒரு நாட்டின் ஊழியப்படை விவசாயத்திலிருந்து கைத்தொழிலுக்கும், அங்கிருந்து சேவைத் துறைக்கும் நகரும் என்பது பொருளியலில் நிலைபெற்ற கருத்து. அலன் ஃபிஷர் 1935இலும் கொலின் கிளார்க் 1940இலும் இதற்கு அடித்தளமிட்டனர். விவசாயத்தில் தேங்கிய மிகை உழைப்பை நவீன துறை ஈர்த்துக்கொள்ளும் என்று ஆர்தர் லூயிஸ் 1954இல் விளக்கினார். இலங்கையின் புள்ளிவிபரங்களும் இதற்கு ஒத்துப்போகின்றன. இன்று வேலை செய்வோரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவரே விவசாயத்தில் இருக்கிறார்; சேவைத் துறையினர் பாதியை நெருங்குகின்றனர். எனினும், யார் எப்போது எந்தத் துறைக்குப் போகலாம் என்பதைச் சந்தையைக் காட்டிலும் சட்டமும் குடியிருப்புமே தீர்மானித்தன என்பது இக்கட்டுரையின் வாதம். கண்டிக்குக் கிழக்கே, தும்பறைப் பள்ளத்தாக்கிலுள்ள பல்லேகலையும் அதைச் சூழ்ந்த தோட்டப்புறமும் இதற்குச் சான்றாகின்றன.

பயிர் வகுத்த ஊழியப்படை

கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியவில் 1824இல் ஜோர்ஜ் பேர்ட் தொடங்கிய கோப்பிச் செய்கை, விரைவில் கண்டிச் சீமை முழுவதும் பரவியது. கண்டிய விவசாயிகள் வயலை விட்டுத் தோட்டக் கூலிக்கு வர விரும்பவில்லை. ஆகவே தென்னிந்தியாவிலிருந்து ஆட்கள் திரட்டப்பட்டனர். கோப்பிப் பழம் பறிப்பது சில மாத வேலை. மன்னார்க் கரையில் இறங்கி வடக்குப் பாதையில் மாத்தளைக்கு நடந்து வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். பருவம் முடிந்ததும் பலர் ஊர் திரும்பினர்.

1869இல் கோப்பியைத் தாக்கிய இலைநோய் இந்த ஏற்பாட்டைக் குலைத்தது. தும்பறையின் தாழ்நிலத் தோட்டங்கள் கொக்கோவை நாடின. பல்லேகலைத் தோட்டமும் அவற்றுள் ஒன்று. மலைச்சரிவுகளில் தேயிலை ஏறியது. லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 1867இலேயே அதற்கு வழிகாட்டியிருந்தார். தேயிலைக் கொழுந்தை ஆண்டு முழுவதும், வாரம் பத்து நாளைக்கு ஒருமுறை எடுத்தாக வேண்டும். பருவக்கூலி அதற்கு உதவாது. குடும்பங்கள் லயங்கள் எனப்படும் தோட்ட வரிசை அறைகளில் குடியேற்றப்பட்டன. கொழுந்தெடுப்பது பெண்கள் தலையில் விழுந்தது. ஊழியப்படையின் பால் விகிதம், வதிவிடம், வேலைநாள் ஆகிய மூன்றையும் ஒரு பயிர் மாற்றிவிட்டது. தொழிலாளர் துறை மாறவுமில்லை, கூலி உயர்ந்து அவர்களை ஈர்க்கவுமில்லை.

சட்டம் அடைத்த வழி

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இத்தொழிலாளரின் வழிவந்த மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கில் எடுத்தது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சமமாகப் பங்கிட்டுக்கொண்டன. நாடற்றோர் சிக்கலைத் தீர்க்க 2003இலும் ஒரு சட்டம் தேவைப்பட்டது.

இலங்கையின் சேவைத் துறை வளர்ச்சியில் அரசாங்க உத்தியோகத்துக்குப் பெரும் பங்கு இருந்தது. அந்தக் கதவு குடியுரிமை இல்லாதவருக்குத் திறக்கவில்லை. 1945இல் வந்த இலவசக் கல்வியும், தோட்டப் பாடசாலைகளை 1970களில் அரசு பொறுப்பேற்கும்வரை அவர்களை முழுமையாக எட்டவில்லை. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தை அடுத்துக் கண்டி மாவட்டத் தோட்டங்களிலிருந்து துரத்தப்பட்டவர்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் மீண்டும் விவசாயக் கூலிகளாயினர். லூயிஸ் சொன்ன மிகை உழைப்பு இங்கே இடம் பெயர்ந்தது, துறை பெயரவில்லை.

இதற்கிடையே பல்லேகலையின் நிலம் வேகமாக உருமாறியது. 1990களில் முதலீட்டுச் சபையின் கைத்தொழில் பூங்கா வந்தது. மத்திய மாகாண சபையின் அலுவலகங்கள் வந்தன. 2009இல் சர்வதேச கிரிக்கெட் மைதானம் திறக்கப்பட்டது. கொக்கோ விளைந்த மண் ஒரு தலைமுறைக்குள் கைத்தொழிலுக்கும் சேவைக்கும் மாறிவிட்டது. அந்த மண்ணில் உழைத்தவர்களின் பிள்ளைகளுக்கு அந்த வேகம் கிட்டவில்லை.

பேரும் டார்கட்டும்

தோட்டத்தில் காலைப் பெரட்டில் (ஆள் கணக்கெடுப்பில்) நின்று, பகலெல்லாம் கொழுந்தெடுத்து, மாலையில் நிறுக்கும்போது சாக்குக்கும் ஈரத்துக்கும் கழித்த பிறகு குறித்த கிலோ வந்தால்தான் முழுப்பேர், அதாவது முழுநாள் கூலி; குறைந்தால் அரைப்பேர். 2016ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தம் நாளொன்றுக்கு 730 ரூபா என்றது. அதில் அடிப்படைச் சம்பளம் 500 ரூபாதான். வருகைக்கு 60, உற்பத்திக்கு 140, தேயிலை விலைக்கு 30 என்று மற்றவை நிபந்தனையோடு கட்டப்பட்டிருந்தன. 1,000 ரூபா நாட்சம்பளம் 2021இல்தான் வந்தது.

கைத்தொழிலுக்கு மாறினாலும், ஆடைத் தொழிற்சாலையின் சம்பளமும் இதே வார்ப்புத்தான்: அடிப்படைச் சம்பளம், வருகைக் கொடுப்பனவு, டார்கட் எட்டினால் ஊக்கத்தொகை. அங்கும் உழைப்போரில் பெரும்பாலோர் பெண்கள். பயிர் போய்த் துணி வந்திருக்கிறது. வராத நாளின் நட்டம் இன்னும் உழைப்பவரையே சேர்கிறது.

அப்படியானால் எதுவுமே மாறவில்லையா என்று கேட்கலாம். ஒன்று மாறியிருக்கிறது, அது முக்கியமானது. தோட்டத்தில் வேலையும் லயத்து அறையும் ஒரே முடிச்சு. வேலையை விட்டால் வீடும் ஆட்டம் காணும். தொழிற்சாலைப் பெண்ணின் கூரை அவளுடைய முதலாளியின் கையில் இல்லை. சரியில்லையென்றால் அடுத்த மாதம் வேறிடம் போகலாம். ஊழியப்படையின் மெய்யான மாற்றத்தை, துறைப் பங்குகளில் தேடுவதைவிட இந்த முடிச்சு அவிழ்வதில் தேடுவதே பொருத்தம்.

அளவுகோல்

தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் ஊழியப்படை அளவீடு, 20 ஏக்கருக்கு மேற்பட்டு, பத்துக்குக் குறையாத வதிவிடத் தொழிலாளர் உள்ள இடத்தையே தோட்டத் துறை என வரையறுக்கிறது. லயத்திலிருந்து பஸ் ஏறித் தொழிற்சாலைக்குப் போகிறவர் வதிவிடத்தால் தோட்டத் துறை, வேலையால் கைத்தொழில். லயத்தை விட்டு வாடகை வீட்டுக்குப் போனவரோ அந்தக் கணக்கிலிருந்தே மறைந்துவிடுகிறார். அவர் முன்னேறினாரா, வேறொரு நிரந்தரமற்ற வேலைக்குப் போனாரா என்பதைத் துறைவாரி அட்டவணை சொல்லாது.

பெற்றோரின் தொழில், குடியிருக்கும் வீட்டின் உரிமை, ஊழியர் சேமலாப நிதியில் தொடர்ந்திருந்த காலம் ஆகிய மூன்றையும் அளவீட்டில் சேர்த்துத் துறைவாரி எண்களோடு பொருத்தி வெளியிட வேண்டும். அதுவரை விவசாயத்தின் பங்கு குறைந்ததை மட்டும் காட்டி மலையகம் முன்னேறிவிட்டது என்று முடிவு கட்டுவது ஆய்வு நெறிக்கு ஒவ்வாது.