காலே பிரதானம்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் சாலையில், கொஞ்சம் உள்ளே ஒதுங்கின ஒரு மனையில் நான் வீடு கட்ட ஆரம்பித்தபோது, பள்ளத்தை மேடாக்க எட்டு லாரி கிராவல் வேண்டும் என்றார் மேஸ்திரி. எட்டு லாரியும் வந்து இறங்கின. நல்ல சிவப்பு மண். அதைப் பரப்பிக்கொண்டிருந்த ஆள், வேண்டாத கற்களைப் பொறுக்கி ஓரமாக எறிந்துகொண்டிருந்தான். அவற்றில் ஒன்று என் காலடியில் வந்து விழுந்தது.

உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய கல். மாங்கொட்டையின் வடிவம். ஒரு முனை கூர், மறுமுனை உருண்டை. இரண்டு பக்கமும் சில்லுச் சில்லாகப் பெயர்த்த தழும்புகள். எடுத்துப் பார்த்தேன். அதன் அழகைவிட, அது என் கையில் உட்கார்ந்த விதம்தான் என்னை நிறுத்தியது. யாரோ கை நீட்டி, என் கையைப் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது.

"என்ன சார், சாமிக் கல்லா?" என்று கேட்டார் மேஸ்திரி.

"தெரியலே மேஸ்திரி. நன்னாயிருக்கு, இருக்கட்டும்" என்றேன்.

ஆறு மாத காலம் அந்தக் கல் என் மேஜையில் காகிதங்கள் பறந்துவிடாமல் காவல் இருந்தது. பிறகு ஒரு நாள், தொல்லியலில் பழக்கமுள்ள நண்பர் ஒருவர் வந்தார். காபித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கல்லைக் கையில் எடுத்தார். இப்படியும் அப்படியும் திருப்பினார். "கைக்கோடரி. அசல் சரக்கு. எங்கே கிடைத்தது?" என்றார்.

"லாரியில்."

"எந்தக் குழியில் வெட்டின மண்?"

"அதை யார் கேட்டார்கள்?"

நண்பர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "ஒரு லட்சம் வருஷமோ, பத்து லட்சம் வருஷமோ, இனிமேல் யாராலும் சொல்ல முடியாது. இதன் வயதை லாரியிலேயே தொலைத்துவிட்டீர்" என்றார்.

அன்று எனக்கு ஏற்பட்ட வெட்கத்தின் விளைவுதான் இந்தக் கட்டுரை. அந்தக் கல்லைச் செய்தவன் யார், அவன் எப்படி இங்கே வந்தான் என்று தேடிப் படிக்கலானேன். தேடல் என்னைப் பல்லாவரத்துக்கும், பூண்டிக்கும், அங்கிருந்து ஆப்பிரிக்காவுக்கும் இழுத்துக்கொண்டு போயிற்று.

பல்லாவரத்தில்தான் கதை ஆரம்பிக்கிறது. 1863-ம் வருஷம் மே மாதம் 30-ம் தேதி, இந்திய பூகர்ப்ப ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் பூட் என்ற இருபத்தெட்டு வயது இளைஞர், பல்லாவரத்துச் சரளைக் குழி ஒன்றில் மனிதக் கை பட்ட கல் ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்காலம் என்று ஒன்று இருந்தது என்பதற்கு முதல் சாட்சி அதுதான். டார்வின் தமது புத்தகத்தை வெளியிட்டு நாலே வருஷம் ஆகியிருந்தது. பிரான்ஸ் தேசத்தில் சோம் நதிக்கரைச் சரளையில் கிடைத்த கற்கருவிகள் உண்மையானவை என்று பெரிய பண்டிதர்கள் ஒப்புக்கொண்டதும் அதே 1859-ல்தான். நல்லவேளையாக, அந்தச் சமாசாரம் பூட்டின் காதில் விழுந்திருந்தது. காதில் விழாதவர்கள் அதே குழியைத் தினமும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள், என்னைப் போல.

நாலு மாதம் கழித்து, செப்டம்பர் 28-ம் தேதி, பூட்டும் அவருடைய சகா வில்லியம் கிங்கும் கொசஸ்தலை ஆற்றுப் பக்கமாக அலைந்தபோது, இன்றைய பூண்டி ஏரிக்கு அருகே அத்திரம்பாக்கம் என்ற கிராமத்தில் இன்னும் பெரிய புதையல் கிடைத்தது. ஓடைக்கரையெல்லாம் கைக்கோடரிகள். இங்கே ஒரு விசித்திரம். இந்த வில்லியம் கிங்கின் தகப்பனார் பெயரும் வில்லியம் கிங், அயர்லாந்தில் பேராசிரியர். ஜெர்மனியில் நியாண்டர் பள்ளத்தாக்கில் கிடைத்த எலும்புகள் நம் இனத்தினுடையவையல்ல, வேறொரு மனித இனத்தினுடையவை என்று அதற்குத் தனிப்பெயர் சூட்டியவர் அவர். அதை அவர் அறிவித்ததும் அதே 1863-ல். தகப்பன் அங்கே எலும்புக்குப் பெயர் வைக்கிறார். மகன் இங்கே வெயிலில் கல் பொறுக்குகிறார். கதையில் நான் இப்படி எழுதினால் பத்திரிகை ஆசிரியர் நம்பமாட்டார்.

கல் கிடைத்தது, அதைச் செய்தவனுடைய எலும்பு? அத்திரம்பாக்கத்தில் விலங்குகளின் பற்கள் சில கிடைத்திருக்கின்றன. அவற்றின் குளம்புச் சுவடுகள்கூடக் களிமண்ணில் பதிந்து கிடைத்திருக்கின்றன. மனித எலும்பு ஒன்றும் கிடைக்கவில்லை. இந்தியாவில் அந்தப் பழைய மனிதர்களின் பேர் சொல்ல இருப்பது, முக்கியமாக, 1982-ல் நர்மதைக் கரையில் ஹத்னோரா என்ற இடத்தில் அருண் சோனாகியா கண்டெடுத்த மண்டையோடு ஒன்றுதான். அதன் வயதைப் பற்றியும் ஏகப்பட்ட தகராறு. ஆகவே அவனுடைய உடம்பைத் தெரிந்துகொள்ள நாம் ஆப்பிரிக்காவுக்குத்தான் போகவேண்டும்.

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பது நம் பழமொழி. ஐரோப்பியப் பண்டிதர்களும் வெகுகாலம் அப்படித்தான் நம்பினார்கள். குரங்கு போன்ற பிராணி ஒன்றுக்கு முதலில் மூளை பெரிதாயிற்று. புத்தி வந்ததும் எழுந்து நின்றது. பிறகு நடந்தது என்று கணக்குப் போட்டார்கள். 1912-ல் இங்கிலாந்தில் பில்ட்டவுன் என்ற ஊரில், மனித மண்டையும் குரங்குத் தாடையும் கொண்ட எலும்புகள் 'கிடைத்தன'. நாம் சொன்னது சரியாயிற்று என்று பலர் மகிழ்ந்து போனார்கள். அது மனித மண்டையோட்டையும் ஒராங்குட்டான் தாடையையும் சேர்த்து யாரோ செய்த பித்தலாட்டம் என்று வெளிப்பட 1953 வரை ஆயிற்று. விரும்பினதை யாராவது கொண்டுவந்து கொடுத்தால் சோதித்துப் பார்க்க மனம் வருவதில்லை. பண்டிதர்களும் மனிதர்கள்தாமே.

இதற்கு நடுவில், 1924-ல், தென்னாப்பிரிக்காவில் டாங் என்ற இடத்துச் சுண்ணாம்புச் சுரங்கத்திலிருந்து ஒரு குழந்தையின் மண்டை ரேமண்ட் டார்ட் என்பவர் கைக்கு வந்தது. மூளை சின்னது. ஆனால் முதுகுத்தண்டு வந்து சேரும் துவாரம், நாலு கால் பிராணிக்கு இருப்பதுபோல் பின்னால் இல்லை. மண்டைக்கு அடியில் இருந்தது. அதாவது, தலை நிமிர்ந்த முதுகின்மேல் நேராக உட்கார்ந்திருந்தது. இது நடந்த பிராணி என்றார் டார்ட். பெரியவர்கள் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்க வெகுகாலம் பிடித்தது. 1974-ல் எத்தியோப்பியாவில் ஹடார் என்ற வறண்ட பூமியில், 32 லட்சம் வருஷத்துக்கு முற்பட்ட ஒரு பெண்ணின் எலும்புக்கூடு, கிட்டத்தட்டப் பாதியளவு, கிடைத்தது. லூசி என்று பெயர் வைத்தார்கள். உயரம் மூன்றரை அடி. மூளை நம்முடையதில் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் இடுப்பும் முழங்காலும் நடந்தவளுடையவை. நாலு வருஷம் கழித்து, 1978-ல், டான்ஸானியாவில் லேட்டோலி என்ற இடத்தில் மேரி லீக்கியின் குழுவினர் காலடிச் சுவடுகளையே கண்டார்கள். எரிமலைச் சாம்பலில் மழைத்தூறல் விழுந்து ஈரமாகியிருந்தபோது யாரோ நடந்து போயிருக்கிறார்கள், சாம்பல் இறுகிவிட்டது. கோகுலாஷ்டமிக்கு வாசலிலிருந்து பூஜையறை வரை மாக்கோலத்தில் பாதம் போடுகிறோமே, அதுபோல வரிசையாக எழுபது சுவடுகள். குதிகால் அழுந்தி, பெருவிரல் மற்ற விரல்களோடு ஒட்டி, சாட்சாத் நம் பாதம். வயது 36 லட்சம் வருஷம். அந்தக் காலத்துக் கற்கருவி எதுவும் இன்றுவரை கிடைக்கவில்லை. கிடைத்தவற்றில் மிகப் பழையது 33 லட்சம் வருஷம்தான்.

ஆக, முதலில் கால் நடந்தது. பிறகு கை வேலை கற்றுக்கொண்டது. தலை வெகு நிதானமாகக் கடைசியில் வந்து சேர்ந்தது. ஸ்ரீபெரும்புதூர் ஆதிகேசவப் பெருமாளைச் சேவிக்கப் போனால் அர்ச்சகர் நம் தலையில் சடாரி சாதிக்கிறார். சடாரியின் மேல் இருப்பது திருவடி. நம் முன்னோர் இதையெல்லாம் அன்றே அறிந்திருந்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்கிறவர்கள் வேறே இருக்கிறார்கள். காலைத் தலையில் தாங்குவதில் ஒரு நியாயம் இருக்கிறது என்று மட்டும் இப்போது தோன்றுகிறது.

நடையை நாம் சும்மா பெறவில்லை. நாலு காலில் பகிர்ந்திருந்த பாரம் இரண்டு காலில் இறங்கிற்று. இடுப்புவலியும் முழங்கால் வலியும் நம் குலச்சொத்து ஆயின. நடப்பதற்கு ஏற்ற இடுப்பு வழியே பெரிய தலையுள்ள குழந்தை பிறக்க வேண்டியிருப்பதால், பிரசவம் பெண்ணுக்கு மறுபிறவி ஆயிற்று. இத்தனைக்கும் பிரதியாகக் கிடைத்தது ஒன்றுதான்: இரண்டு கைகள் சும்மா இருந்தன.

சும்மா இருந்த அந்தக் கைகள் என்ன செய்தன என்பதை அத்திரம்பாக்கம் சொல்லுகிறது. 1999-ல் தொடங்கிச் சில வருஷங்கள் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் அவர்கள் குழுவினரும் அங்கே ஏறத்தாழ ஒன்பது மீட்டர் ஆழம் வரை படிப்படியாகத் தோண்டினார்கள். அடியிலுள்ள களிமண் படிவங்களில் மட்டும் 3,500-க்கு மேற்பட்ட கற்கருவிகள். பெரிய கருவிகளுக்கு வேண்டிய கற்சில்லுகளை வேறெங்கோ பெயர்த்து, அங்கே கொண்டுவந்திருக்கிறார்கள் என்று கண்டார்கள். இதில்தான் என் மனம் நின்றுவிட்டது. ஒருவன் ஓரிடத்தில் கல்லை உடைக்கிறான். கையில் எடுத்துக்கொண்டு நடக்கிறான். இன்னோரிடத்தில் அது தனக்கு உதவும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. கைப்பையோடு வேலைக்குப் போகிறவனின் முதல் மூதாதை அவன்.

அவன் வயதைக் கண்டுபிடித்த முறை, வங்கிக் கணக்கைப் பார்ப்பது போன்றது. வெளியில் கிடக்கும் கல்லின்மேல் விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் படுகின்றன. கல்லிலுள்ள குவார்ட்ஸில் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்று இரண்டு வித அணுக்கள் சேருகின்றன. கல் ஆழப் புதைந்துவிட்டால் வரவு நின்றுவிடும். இருப்புக் கரைய ஆரம்பிக்கும். அலுமினியம் சீக்கிரம் கரையும். பெரிலியம் மெதுவாகக் கரையும். இரண்டும் இன்று எந்த விகிதத்தில் மீந்திருக்கின்றன என்று பார்த்தால், வரவு நின்ற நாள் தெரிந்துவிடும். தெரிந்தது: சுமார் 15 லட்சம் வருஷம். இது 2011-ல் 'சயன்ஸ்' பத்திரிகையில் வெளியாயிற்று. கட்டுரையில் கையொப்பமிட்ட எழுவரில் ஒருவர் மோரிஸ் தாயிப் என்ற பிரெஞ்சு பூகர்ப்ப நிபுணர். ஹடார் பூமியை முதலில் அடையாளம் கண்டு, லூசியைக் கண்டெடுத்த குழுவைக் கூட்டியவர்களில் ஒருவரும் அவரே. லூசியின் மண்ணை மிதித்த கால்கள்தாம் கொசஸ்தலைக் கரைக்கும் வந்தன!

அதே 15 லட்சம் வருஷத்துக்கு முன், கென்யாவில் துர்க்கானா ஏரிக்கரையில் ஒரு சிறுவன் இறந்துபோனான். அவன் எலும்புக்கூட்டை 1984-ல் கமோயா கிமேயு கண்டெடுத்தார். நீண்ட கால், ஒடுங்கிய இடுப்பு, கழுத்துக்குக் கீழே அநேகமாக நம்மைப் போலவே இருந்தான். ஹோமோ எரெக்டஸ், அதாவது நிமிர்ந்த மனிதன் என்னும் இனம். அத்திரம்பாக்கத்துக்கு நடந்து வந்தவனும் அந்த ஜாதியாகத்தான் இருக்கவேண்டும் என்பது ஊகம். எலும்பு கிடைக்கும்வரை ஊகம்தான்.

என் மேஜைமேல் இருக்கும் கல்லுக்கு இந்தச் சோதனை ஒன்றும் செய்ய முடியாது. வரவு எப்போது நின்றது என்று கேட்க, அது புதைந்திருந்த படிவம் வேண்டும், ஆழம் வேண்டும், மேலும் கீழும் என்ன இருந்தன என்று தெரியவேண்டும். அவ்வளவும் யாரோ ஒருவர் வீட்டு அஸ்திவாரத்துக்குள் போய்விட்டன. யாரோ ஒருவர் என்ன, நானேதான்.

2022-ல் ஒரகடத்துக்கு அருகே வடக்குப்பட்டு கிராமத்தில் இந்தியத் தொல்லியல் துறையினர் தோண்டினார்கள். மேலே பழைய கட்டடம், மணிகள், ரோமானியச் சாடிகளின் ஓடுகள். முக்கால் மீட்டர் ஆழத்தில் கற்கருவிகள். அவற்றை அங்கேயே உடைத்துச் செய்த அடையாளங்கள். சுமார் 12,000 வருஷப் பழமை என்று அறிவித்தார்கள். முக்கால் மீட்டர்தான். மண்வெட்டியால் இரண்டு நாளில் தொட்டுவிடலாம். இயந்திரம் ஒரே வாரலில் அள்ளிப் போட்டுவிடும். சுற்றிலும் கார் செய்கிறார்கள், டெலிபோன் செய்கிறார்கள். ஷிப்டு முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும் பெண்கள் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நிற்கிறார்கள். எட்டு மணி நேரம் நின்ற கால்கள். இந்தப் பிரதேசத்தின் முதல் தொழிற்சாலை அவர்கள் காலுக்கு முக்கால் மீட்டர் கீழே இருந்தது என்று அவர்களிடம் யாரும் சொன்னதில்லை.

தொழிற்சாலைகள் வேண்டாம் என்று சொல்ல நான் யார்? கிராவல் வாங்கினவன் நான். ஆனால் மண்ணை அள்ளுவதற்கு முன் ஒரு தரம் பார்க்கச் சொல்லலாம். வித்தியாசமான கல் வந்தால், வந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, தொல்லியல் துறைக்கு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லலாம். செலவு ஒரு போன்.

போன மாதம் மேஸ்திரி வந்திருந்தார், பக்கத்து மனை வேலைக்கு. "சார், இப்பல்லாம் பசங்க கல்லைத் தூக்கி எறியறதுக்கு முன்னாடி ஒரு தடவை கையிலே வெச்சுப் பார்க்கறானுங்க" என்றார்.

"ஏதாவது கிடைச்சுதா?"

"ஒண்ணும் கிடைக்கலே. ஆனா லாரி வந்தா, எந்தக் குழி மண்ணுன்னு கேட்டு எழுதி வெச்சுக்கறேன்" என்று சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துக் காண்பித்தார்.