தொண்ணூற்றொன்பது வெள்ளத்துக்கு மறுவருசம்

எங்கள் அம்மாச்சிக்குப் பிறந்த தேதி கிடையாது. ஜாதகம் எழுதவில்லை, பள்ளிக்கூடம் போகவில்லை. ரேஷன் கார்டில் இருந்த வயது யாரோ குத்துமதிப்பாகப் போட்டது. கேட்டால், "தொண்ணூத்தொம்பது வெள்ளத்துக்கு மறுவருசம் பெறந்தேன்னு எங்க ஆத்தா சொல்லும்" என்பார். சிறுவயதில் எனக்கு அது கதையில் வரும் ஏழு கடல், ஏழு மலை போன்ற ஓர் எண்ணாகவே பட்டது.

கல்லூரிக் காலத்தில்தான் விளங்கியது. அது கொல்லம் ஆண்டு 1099. ஆங்கிலக் கணக்கில் 1924 ஜூலை. மூணாறு மூழ்கியதும், குண்டளைப் பள்ளத்தாக்கில் ஓடிய சிறிய ரயில் அடித்துச் செல்லப்பட்டதும் அந்த வெள்ளத்தில்தான். அந்த ரயில் திரும்ப ஓடவே இல்லை. வெள்ளம் வந்தது ஆடியில். அது கொல்லம் ஆண்டின் கடைசி மாதம். ஆவணி பிறந்ததும் 1100 தொடங்கிவிடும். ஆக, அம்மாச்சி பிறந்தது 1924 ஆகஸ்டுக்கும் 1925 ஆகஸ்டுக்கும் நடுவில். ரேஷன் கார்டு வயது இதைவிட ஆறு ஆண்டு குறைவாக இருந்தது.

என்னை வியக்க வைத்தது வயதுக் கணக்கு மட்டுமல்ல. அம்மாச்சி பிறந்த போடிநாயக்கனூர் அன்று சென்னை மாகாணத்தின் மதுரை மாவட்டம். கொல்லம் ஆண்டோ திருவிதாங்கூர்க் கணக்கு. மதுரை மாவட்டத்தில் பிறந்த குழந்தைக்கு அயல் சமஸ்தானத்தின் ஆண்டு எப்படி வந்து ஒட்டிக்கொண்டது? கஞ்சி எங்கிருந்து வந்ததோ அங்கிருந்துதான் காலக்கணக்கும் வந்தது. அம்மாச்சியைப் போலவே அவர் தாயும் திருவிதாங்கூர் ஏலமலையில் காய் எடுத்தவர்.

கல்யாணம் எப்போது என்று கேட்டால், "தண்டவாளத்தப் பிடுங்கிட்டுப் போன பெறகு" என்பார். மதுரை–போடி மீட்டர்கேஜ் பாதை திறந்தது 1928 நவம்பரில். இரண்டாம் உலகப் போரின்போது இரும்புத் தேவைக்காகத் தண்டவாளங்களைப் பெயர்த்து எடுத்துப் போனார்கள். மறுபடி ரயில் வந்தது 1953–54இல். பத்து வருட இடைவெளியில் எந்த வருடம்? அதற்கும் அவரிடமே துப்பு இருந்தது: முகூர்த்தப் புடவை எடுக்கக் கரி பஸ்ஸில் போனார்களாம். பெட்ரோல் தட்டுப்பாட்டில் பேருந்துகள் கரிவாயுவில் ஓடியது போர்க்காலத்தில். அப்படியானால் மணப்பெண்ணுக்கு வயது ஏறக்குறைய பதினெட்டு, பத்தொன்பது.

பிசகும் உண்டு. ரயில் திரும்பி வந்ததும் "மலை நமக்கில்லைன்னு சொன்னதும்" ஒரே வருசம் என்பார். தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் தமிழர் கோரிக்கையை மீறிக் கேரளத்தோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1. இரண்டு மூன்று ஆண்டு வித்தியாசம். ஆப்பிரிக்க வாய்மொழி வரலாற்றை ஆராய்ந்த பெல்ஜிய அறிஞர் யான் வான்சினா, வாய்மொழிச் சான்றையும் ஏட்டுச் சான்றைப் போலவே உரசிப் பார்த்து ஏற்க வேண்டும் என்று வாதிட்டவர். அவரைப் படித்தபோது எனக்கு அம்மாச்சியின் திண்ணைதான் நினைவுக்கு வந்தது.

அவர் வாயில் கேரளம், தமிழ்நாடு என்ற சொற்கள் வந்ததே இல்லை. "மேலே", "கீழே" இரண்டே. மேலே என்றால் ஏலக்காடு. கீழே என்றால் போடி. மலையடிவார முந்தலில் தொடங்கிப் போடிமெட்டு வரைக்கும் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் ஏற்றம். தலையில் அரிசி மூட்டையோடு நடந்தே ஏறியிருக்கிறார். ஆடியில் போடித் தெருக்களில் புழுதிக் காற்று சுழன்றால், "மேலே மழ ஊத்துது" என்பார். மலை தென்மேற்குப் பருவமழையை வாங்கிக்கொண்டு நமக்கு வெறுங்காற்றை அனுப்புகிறது என்று புவியியல் வகுப்பில் படித்தபோது எனக்கு அது பழைய செய்தி.

மழையில் சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொள்வார்கள். அட்டை ஏறாமலிருக்கக் காலில் சுண்ணாம்பும் புகையிலையும் குழைத்துப் பூசிக்கொள்வார்கள். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. தூரிலிருந்து தரையோடு படரும் சரத்தில் காய்க்கும். எனவே நாள் முழுக்கக் குனிந்தோ குந்தியோதான் எடுக்க வேண்டும். ஒரே சரத்தில் பூவும் பிஞ்சும் முற்றிய காயும் கலந்து கிடக்கும். தோல் பச்சையாகவே இருக்க, உள்ளே விதை கறுத்திருக்கும் பதத்தில் பறிக்க வேண்டும். முந்தினால் காய் சுருங்கும், பிந்தினால் வெடிக்கும். தோலை உரிக்காமலே உள்ளே விதை கறுத்ததை விரல் நுனியால் அறிவார் அம்மாச்சி. "காய் கையோட வரணும், நாம இழுக்கக் கூடாது" என்பது அவர் பாடம். முப்பது நாற்பது நாளில் அதே செடிக்குத் திரும்ப வர வேண்டும். ஐந்து கிலோ பச்சைக்காய் ஸ்டோர் என்ற உலர்த்து அறையில் சூடேறி உலர்ந்தால் ஒரு கிலோ தேறும். அந்த ஒரு கிலோவின் விலை தெரியாமலே முப்பது வருடம் காய் எடுத்தார். அதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஆறவில்லை.

ராத்திரிக் கதைகள் எல்லாம் மேலே நடந்தவை. இருட்டிய பிறகு பாம்பைப் பூச்சி என்பார். யானையைப் பேர் சொல்லவே மாட்டார், "அவுக" என்பார். தோட்டத்து லயக் குடியிருப்பின் கதவுக்கு வெளியே அவுக மூச்சு விட்டதையும், உள்ளே ஆறு பெண்கள் ஒரு கைக்குழந்தையின் வாயைப் பொத்திக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்ததையும் நூறு தடவை கேட்டிருப்பேன். அந்தக் கைக்குழந்தை என் அம்மா.

முழங்கால் போன பிறகு கீழேயே தங்கிவிட்டார். ஏலக்காய்க் கடைகளில் காம்பு கிள்ளி, சல்லடையில் சலித்து, பருங்காயைத் தனியாகப் பிரிக்கும் வேலை. சாயங்காலம் அவர் முந்தானைக்குள் முகம் புதைத்தால் வீடே மணக்கும். உடைந்த காயின் தோலைத் தேயிலை டப்பாவில் போட்டு வைப்பார். எங்கள் வீட்டில் இன்றும் அப்படித்தான்.

2009 தை மாதம் அம்மாச்சி போனார். அடுத்த ஆண்டின் முடிவில், அகலப்பாதை வேலைக்காக மறுபடி ரயில் நின்றது. போடிக்கு அது திரும்பி வந்தது 2023 ஜூன் 15. இப்போது எங்கள் தெருப் பெண்களும் அவரைப் போலவே கணக்கு வைக்கிறார்கள்: குரங்கணிக் காட்டில் தீப்பிடித்த வருசம், அதாவது 2018. புற்றடி ஏலத்தில் காய் கிலோ ஏழாயிரம் தொட்ட வருசம், அதாவது 2019. ரயில் வந்த வருசம். விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து மேலே போகும் இந்தப் பெண்களில் பலர் நாளைக்கு அம்மாச்சிகள்.

இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ எண்பது தாண்டிய அப்பத்தா, அம்மாச்சி இருந்தால் இந்த வாரமே போய் உட்காருங்கள். எந்த வருசம் என்று கேட்காதீர்கள்; அப்போது என்ன நடந்தது என்று கேளுங்கள். அவர் "மேலே" என்றால் "மேலே" என்றே எழுதுங்கள். ஆண்டை நாம் பிறகு கண்டுபிடித்துக்கொள்ளலாம்.