பச்சை ஒளியும் நான்காவது ஆளும்

கம்ப்யூட்டர் பாதுகாப்புப் பக்கம் கொஞ்சம் எட்டிப் பார்த்தவர்களுக்கு ஷிமோமுரா என்ற பேர் தெரிஞ்சிருக்கும். 1995இல் கெவின் மிட்னிக் என்ற ஹேக்கரைப் பிடிக்க உதவியவர் சுடோமு ஷிமோமுரா. அவரோட அப்பா ஒசாமு ஷிமோமுரா, 2008இல் வேதியியல் நோபல் வாங்கியவர் என்பது எனக்கு ரொம்ப நாள் தெரியாது. அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போனதில் கிடைத்த கதை இது. ஆனால் மனசில் நின்றவர் அப்பாவும் இல்லை, மகனும் இல்லை.

1961 கோடை. வாஷிங்டன் மாநிலத்தின் ஃப்ரைடே ஹார்பரில் ஒசாமுவும் பிரின்ஸ்டனின் ஃபிராங்க் ஜான்சனும் ஏறத்தாழ 10,000 ஜெல்லி மீன்களைப் பிடித்தார்கள். அவை எப்படி ஒளிர்கின்றன என்பதுதான் கேள்வி. ஒரு நாள் மிச்சமான சாற்றை சிங்க்கில் கொட்ட, அங்கே கிடந்த கடல்நீர் பட்டதும் பளிச்சென்று நீல ஒளி! காரணம் கடல்நீரிலுள்ள கால்சியம். அப்படிப் பிரித்தெடுத்த புரதம்தான் ஏக்வோரின். கூடவே இன்னொரு புரதமும் வந்தது. புற ஊதா ஒளியில் அது பச்சையாக மின்னியது. 1962 கட்டுரையில் அதற்குக் கிடைத்தது ஒரு அடிக்குறிப்பு மட்டும்தான். அதுதான் ஜிஎஃப்பி.

இதில் என்ன பெரிய விஷயம்? செல்லுக்குள் ஒரு புரதம் எங்கே இருக்கிறது என்று பார்க்க, பெரும்பாலும் செல்லைக் கொன்று, பதப்படுத்தி, சாயம் ஏற்ற வேண்டியிருந்த காலம் அது. புரோகிராம் கிராஷ் ஆன பிறகு கோர் டம்ப்பை நோண்டுகிற மாதிரி. ஓடும்போதே உள்ளே ஒரு பிரிண்ட் வரி போட முடிந்தால்?

வுட்ஸ் ஹோலில் இருந்த டக்ளஸ் பிராஷருக்கு அந்த யோசனை வந்தது. ஜெல்லி மீனிலிருந்து ஜிஎஃப்பியின் மரபணுவைப் பிரித்தெடுத்து, 238 அமினோ அமிலங்களின் வரிசையை 1992இல் வெளியிட்டார். ஆனால் அதற்குள் ஆராய்ச்சிப் பணம் தீர்ந்துவிட்டது. வேறு நிதியும் கிடைக்கவில்லை. மரபணுவைக் கேட்ட இருவருக்கும் தபாலில் அனுப்பிவிட்டு, அந்தத் துறையை விட்டே போனார்.

வாங்கியவர்களில் ஒருவர் கொலம்பியாவின் மார்ட்டின் சால்ஃபி. அதை அவர் ஈ.கோலை பாக்டீரியாவில் வைத்தார், ஒளிர்ந்தது. ஜெல்லி மீனின் வேறெந்த நொதியும் தேவைப்படவில்லை. ஒளிரும் பகுதி தானாகவே உருவாகிறது, ஆக்சிஜன் இருந்தால் போதும். 1994இல் உயிருள்ள புழுவின் தொடு நரம்புகள் பச்சையாகத் தெரிந்தன. இன்னொருவர் சான் டியேகோவின் ரோஜர் சியென். அவர் அந்த ஒளியைப் பிரகாசமாக்கி, வேறு நிறங்களையும் கொண்டுவந்தார்.

2008இல் நோபல் ஷிமோமுரா, சால்ஃபி, சியென் மூவருக்கும். ஒரு பரிசை மூன்று பேருக்கு மேல் பகிர முடியாது என்பது விதி. அப்போது பிராஷர் அலபாமாவின் ஹன்ட்ஸ்வில்லில், ஒரு கார் விற்பனை நிலையத்தின் வாடிக்கையாளர்களை வேனில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். என்னை விட்டுவிட்டு அவருக்கே கொடுத்திருக்கலாம் என்ற பொருளில் சால்ஃபியே சொன்னார். சால்ஃபியும் சியெனும் செலவை ஏற்று அவரையும் மனைவியையும் ஸ்டாக்ஹோமுக்கு அழைத்துப் போனார்கள். பின்னாளில் சியென் தன் ஆய்வகத்திலேயே வேலையும் கொடுத்தார்.

பெருந்தன்மைதான், மறுக்கவில்லை. ஆனால் ஆராய்ச்சி நிதி 1992இல் வந்திருக்க வேண்டும் இல்லையா? கோடில் எந்த வரியை யார் எழுதினார்கள் என்று ஒரு கமாண்டில் பார்த்துவிடுவோம். இங்கேயும் பார்க்கலாம்: சால்ஃபியின் அந்த 1994 கட்டுரையில் ஆசிரியர்கள் ஐந்து பேர். கடைசிப் பெயர் பிராஷர்.