எருக்குழிக்குப் பின்னால் ஒரு வரலாறு

பொட்டி தட்டுற கையால மொட்டைமாடியில முதல் கீரைத்தொட்டி வெச்சேன். வெறும் செம்மண். பத்தே நாள்ல செங்கல்லா இறுகிப்போச்சு. மக்கு சேர்க்கலையாம். தேடினப்ப சிக்கினவர் ஆல்பர்ட் ஹோவர்ட்.

1905-ல் பீகாரின் பூசாவுக்குப் பயிர் ஆராய்ச்சிக்கு வந்த வெள்ளைக்காரர். இங்குள்ள விவசாயிகளையும் பூச்சிகளையுமே தன் வாத்தியார்களாக்கிக் கொண்டார். 1924-க்குப் பிறகு இந்தூரில் சருகு, சாணம், மூத்திரம் ஊறின தொழுவ மண், சாம்பல் எல்லாம் அடுக்கி, ஈரம் காட்டி, புரட்டிப் போட்டு மூணே மாசத்தில் மக்கு எடுத்தார். அதுதான் 'இந்தூர் முறை'. 1931-ல் அதைப் புத்தகமாக்கியபோது கூட எழுதியவர் யஷ்வந்த் வாட். அந்தப் பேரு நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

தாத்தாவோட எருக்குழியப் பார்த்து மூக்கைப் பொத்தினவன் நான். இப்ப மாடியில டிரம்முல சருகு அடுக்குறேன். காட்டத்தான் தாத்தா இல்லை.