தப்போவப் படிவுகளும் சிற்றெலும்புச் சான்றுகளும்

1. களம்

புத்தளம்–அனுராதபுரம் வீதியை அண்டிய தப்போவக் குளப் பகுதியில் மணற்கல்லும் களிக்கல்லும் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. இவை ஜுராசிக் காலத்தவை. இலங்கையின் பெரும்பகுதி இவற்றைவிட மிகப் பழைய உருமாறிய பாறை; அதில் விலங்கெச்சம் தேடிப் பயனில்லை. நிலம் பிளந்து தாழ்ந்த பள்ளங்களில் சிக்கியதால்தான் தப்போவவிலும் ஆண்டிகமவிலும் இப்படிவுகள் அரிபடாமல் எஞ்சின. இங்கு கிடைத்த தாவரப் புதைபடிவங்களை 1922இல் சீவர்டும் ஹோல்ட்டமும் விவரித்தனர். பன்னங்கள், ஊசியிலை மரங்கள் என ஒரு காடே அவற்றில் தெரிகிறது.

2. சிற்றெலும்பு ஏன்?

இலை காட்டைக் காட்டும். அக்காட்டினூடே ஓடிய நீரின் இயல்பைச் சொல்லச் சிற்றுயிர்களே வேண்டும். பெரிய விலங்கு பல நிலங்களில் மேய்ந்து திரியும். தவளையோ நன்னீரை விட்டு வெகுதூரம் போகாது. மீன் செதிலும் முதலைப் பல்லும் ஒரே அடுக்கில் கிடந்தால் அங்கே நீர் நின்றதோ ஓடியதோ உண்டு. எலும்பின் விளிம்பு தேய்ந்திருந்தால் ஆறு அதை உருட்டி வந்திருக்கலாம். கூர் மழுங்காதிருந்தால் விலங்கு அருகிலேயே மடிந்திருக்கக்கூடும். இன்னொரு தடயமும் உண்டு. முதலையின் இரைப்பை அமிலம் பல்லின் எனாமலைக் கரைத்துவிடும். ஆகவே எனாமல் அரிக்கப்பட்ட பல் தின்றவனையும் காட்டிக்கொடுக்கிறது. ஒரு துண்டை மட்டும் வைத்து முடிவு கட்டுவது தவறு. ஒரே அடுக்கின் எச்சங்களைச் சேர்த்தே எடைபோட வேண்டும்.

3. கல்லமேடு

தமிழகத்தின் அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டில் கிரெட்டேசியக் கால இறுதியின் ஆற்றுப் படிவுகள் உள்ளன. அங்கு மீன், தவளை, ஆமை, முதலை ஆகியவற்றின் நுண்ணெச்சங்கள் கிடைத்துள்ளன. ட்ரூடொன்டிட் வகை டைனோசர் இந்தியாவில் வாழ்ந்ததை அங்கு கிடைத்த ஒரு சிறு பல்லைக் கொண்டே 2013இல் அறிவித்தனர். தப்போவவுக்கு நான் முன்வைக்கும் முன்மாதிரி இதுவே.

4. கரையோர ஒப்பீடு

புத்தளத்துக்கு வடக்கே அருவக்காட்டுச் சுண்ணக்கல் மயோசீன் காலக் கடலின் படிவு. சுறாப் பற்களும் கடற்பசு எலும்புகளும் அதற்குச் சாட்சி. ஒரே மாவட்டத்தில் நிலப் படிவும் கடற்படிவும் இருப்பது ஒப்பாய்வுக்குப் பெரும் வாய்ப்பு.

5. செய்ய வேண்டியது

களிக்கல்லை உலர்த்தி, நீரில் ஊறவைத்து, அரை மில்லிமீற்றர் கண்ணுள்ள சல்லடையில் அரித்து, எஞ்சியதை நுண்ணோக்கியில் பொறுக்க வேண்டும். செலவு குறைவு, பொறுமைதான் மிகுதியாக வேண்டும். எடுத்த அடுக்கைக் குறிக்காத எலும்பு ஆய்வுக்குப் பாதியும் உதவாது. எங்கள் பல்கலைக்கழகப் புவியியல் மாணவர்கள் தப்போவக் களிக்கல்லிலிருந்து இப்பணியைத் தொடங்க வேண்டும்.